கன்ட்ரோலருக்குள் ஒரு அரிசி

குலுக்கல் அண்ணனுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. எனக்கு முன்பே தெரு வைத்துவிட்டது. பழைய வீடியோ கேம் கன்ட்ரோலர் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முதலில் காதோரம் வைத்து மூன்று முறை குலுக்குவார். சத்தமில்லை என்றால் கண்ணாடி அலமாரி. கிலுகிலு என்றால் உள்ளே திருகாணியைப் பிடிக்கிற தூண் உடைந்திருக்கிறது என்று தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. நீலத் தட்டில் போடுவார். நீலத் தட்டில் எல்லாமே பாதி விலை.

கடை என்றால் மாடிப்படிக்கு அடியில் ஒரு முக்கோணம், அவ்வளவுதான். எழுந்தால் தலை இடிக்கும் என்பதால் வாழ்க்கையில் பாதியை உட்கார்ந்தே கழித்துவிட்டார். இளவயதில், மணிக்கணக்கில் காசு வாங்கி விளையாட விடுகிற கடை வைத்திருந்தாராம். வீட்டுக்கு வீடு மெஷின் வந்ததும் அது படுத்துவிட்டது. நாற்காலி, டிவி எல்லாம் விற்றார். கன்ட்ரோலர்களை மட்டும் சாக்கில் கட்டி வீட்டுக்குத் தூக்கிவந்தார்.

"மொதல்ல இது சதுரமாத்தான் வந்துச்சு," என்பார் என்னிடம். "மூலை உள்ளங்கையில குத்தும். அந்தத் தடத்தப் பாத்தே எவன் பள்ளிக்கூடம் போகலன்னு அம்மாங்க கண்டுபிடிப்பாங்க. அப்புறம் மூலைய உருட்டுனான். அப்புறம் கைப்பிடி வச்சான். அப்புறம்தான் கட்டைவிரலுக்குக் குச்சி."

ஒன்பதாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கும் ஒத்துவராமல் போனது. நான் ஒழுங்காகக் கேட்ட வரலாறு இது ஒன்றுதான். ஒரு கன்ட்ரோலரைத் தடவிப் பார்த்தே, "இது பயந்தாங்கொள்ளி வச்சிருந்தது, குதிக்கிற பட்டன் மட்டும் தேஞ்சிருக்கு," என்பார். "இது அண்ணன் தம்பி வீடு. ஒயர்ல பல்லுத்தடம் பாரு."

அவரைத் தோற்கடித்த ஒரே ஆள் அவர் மனைவி. தன் தம்பியைக் காதைப் பிடித்து இழுத்துப்போக அந்தப் பழைய கடைக்கு வந்தவர், "அப்படி என்னதான் இருக்கு இதுல" என்று இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்து உட்கார்ந்தாராம். கல்யாணத்தில் முடிந்தது. அன்றிலிருந்து தினமும் மதியம் அக்கா சாப்பாட்டு டப்பாவோடு வருவார். அந்த முக்கோணத்தில் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு இருவரும் சாப்பிடுவார்கள். பிறகு அன்று வந்த சரக்கைச் சோதிக்கிறோம் என்ற சாக்கில் ஒரு ஆட்டம். அக்கா எப்போதும் இரண்டாவது கன்ட்ரோலர்.

"உங்க கட்டைவிரல் வீங்கிப்போச்சுங்க. வயசாயிருச்சு."

"பேசாம ஆடு."

இதெல்லாம் தெரிந்தும்தான் நான் செய்தேன். குச்சி வைத்த கன்ட்ரோலரில் குச்சியை ஒரு பக்கம் சாய்த்தால் ஓரத்தில் சின்ன இடைவெளி தெரியும். பார்க்கிற மாதிரி எடுத்து, ஒரு அரிசியை உள்ளே விட்டு, "அண்ணே, இதுல சத்தம் வருது" என்பேன். அவர் குலுக்குவார். முகம் வாடும். நீலத் தட்டு. மறுநாள் பாதி விலைக்கு வாங்கி, வீட்டில் திறந்து, அரிசியைத் தட்டிவிடுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஊரில் ஒரு அரிசியை மறைப்பதா பெரிய வித்தை என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். நாலு மாதம் ஓடியது.

ஒருநாள் நீலத் தட்டில் கிடந்த ஒன்றை மனசு கேட்காமல் அவரே திறந்துவிட்டார். குச்சி வைத்து வந்த முதல் மாடல், அவருக்குப் பிடித்தது. தூண் முழுசாக இருந்தது. ஓரத்தில் ஒரு வெள்ளைத் துணுக்கு கிடந்தது. நகநுனியில் அதை எடுத்துப் பார்த்தார்.

"சோறு," என்றார் அக்காவிடம். "நீ சிந்துற சோறு உள்ள போய்க் காஞ்சிருக்கு. எத்தன நல்ல சரக்கத் தூக்கித் தட்டுல போட்டேனோ."

"இது அரிசிங்க."

"காஞ்சா எல்லாம் ஒண்ணுதான்."

"சோறு வேற, அரிசி வேற. நான் டப்பாவுல அரிசியா கொண்டுவரேன்?"

"நாளையிலேர்ந்து நீ இங்க சாப்பிட வேண்டாம்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். சட்டைப் பையில் இன்னும் ஏழெட்டு அரிசி இருந்தது.

மறுநாள் அக்கா அண்ணனுடைய பங்கைக் கொடுத்துவிட்டு, எதிரில் நகலெடுக்கிற கடையின் படியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டார். அண்ணன் திரையைப் பார்த்தபடி மென்றார். பிறகு முதல் கன்ட்ரோலரைச் சோதித்தார். அதை வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்துச் சோதித்தார். திரையில் ஒருவன் ஓடும்போது இன்னொருவன் சும்மா நின்றான். இப்படி ஒன்பது நாள். ஒன்பது நாளும் நான் போனேன், பார்த்தேன், வந்தேன். சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அந்தச் சொல்லே என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

பத்தாம் நாள் மதியம் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தேன். அவர் கண்ணெதிரே குச்சியைச் சாய்த்து ஒரு அரிசியை விட்டேன். அவர் காதோரம் மூன்று முறை குலுக்கினேன்.

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ சொன்னா," என்றார். "அரிசின்னு அன்னிக்கே சொன்னா. நான்தான் காதுல வாங்கல."

"அண்ணே, நான்..."

"நீ வா."

பையிலிருந்து இன்னொரு அரிசியை எடுத்துக்கொண்டேன். தெருவைக் கடந்தோம். யார் முன்னால் போவது என்று இருவருக்குமே தயக்கம். அக்கா நிமிர்ந்து, என் விரலிடுக்கில் இருந்ததைப் பார்த்தார். அவரிடம் வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

"என்னது அது, சோறா?" என்று கணவரைக் கேட்டார்.

"அரிசி."

"சத்தமா சொல்லுங்க. இந்தத் தெருவே கேக்கட்டும், அன்னிக்குக் கேட்ட மாதிரி."

"அரிசி," என்றார் அண்ணன் சத்தமாக. நகலெடுக்கிறவர் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

அக்கா டப்பாவை மூடினார். "டேய் வாலு, மத்தவன் புருஷன் பொண்டாட்டி சண்டையில எண்ணெய ஊத்துவான். நீ அரிசி போட்டிருக்க." சிரித்தார் என்று நினைத்து நானும் பல்லைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

கடைக்குள் அக்காவே முதலில் போனார். முதல் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கணவர் மடியில் போட்டார். "இனிமே இது உங்களோடது." அவர் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்.

எனக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் நீலத் தட்டும் கிடைத்தன. வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். சிலது உண்மையிலேயே உடைந்தவை. நாலில் என் அரிசி இருந்தது, நான் இன்னும் வாங்காமல் விட்டுவைத்தவை. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். கீழே போட மனம் வரவில்லை, பையில் போடவும் முடியவில்லை. உள்ளே அண்ணன் தோற்றுக்கொண்டிருந்தார்.