முன்சீட்டு காலியாகப் போன பெரிய வண்டி

1. செக்கிங் டேபிளுக்கு வந்த வண்டி

டிரைவராக எனக்கு முதல் நாள் கொடுத்த வேலை வண்டி ஓட்டுவதல்ல, ஸ்டிக்கர் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அதுவும் கோயமுத்தூரில், முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் ஷோரூம் தரையில், வெறுங்காலோடு. செருப்பைக் கழற்றும்படி யாரும் சொல்லவில்லை. தரையைப் பார்த்ததும் நானாகவே வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. அதுவரை திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தேன். நிட்டிங்கில் துணியை ஏற்றி டையிங்கில் இறக்குவேன், டையிங்கில் ஏற்றி, சாயத் துணியை அழுத்திச் சீராக்குகிற காம்பாக்டிங்கில் இறக்குவேன். என் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் சாய வாசம் போகாது. அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, நாளை முதல் நீ பெரிய வண்டிக்கு டிரைவர் என்று சொன்னவர் ருக்மணி அக்கா.

கம்பெனிக்கு இரண்டு முதலாளிகள். ப்ரொடக்‌ஷனைப் பார்த்தவர் பெரிய முதலாளி கந்தசாமி. அவர் அக்காவின் வீட்டுக்காரர். ஆபீசையும் ஆர்டர் கொடுக்கிற பையர்களையும் பார்த்தவர் சின்ன முதலாளி தங்கவேல். அவர் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. அக்கா செக்கிங் செக்‌ஷனைப் பார்த்தார். கட்டின புருஷன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், நடுவில் அக்கா. கம்பெனி நன்றாக ஓடியவரை இது நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு ஆர்டர் லேட்டாகப் போனது. பையர் கோபித்துக்கொண்டு அடுத்த சீசன் ஆர்டரை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். ஆபீஸ்தான் காரணம் என்று பெரியவர் நினைத்தார். ப்ரொடக்‌ஷன்தான் காரணம் என்று சின்னவர் நினைத்தார். இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, பேச்சையே நிறுத்திவிட்டார்கள். ஒரே கம்பெனிக்குள் இருந்துகொண்டு மேனேஜர் மூலமாகச் செய்தி அனுப்பிக்கொண்டார்கள். கம்பெனி பிரியப்போகிறது என்ற பேச்சு கேன்டீன் வரைக்கும் வந்துவிட்டது.

அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். ஆளுக்கொரு பழைய கார் இருந்ததால்தானே ஆளுக்கொரு வழியாகப் போகிறார்கள்? இரண்டையும் விற்றுவிட்டு, இரண்டு குடும்பமும் ஒன்றாக ஏறுகிற மாதிரி ஒரே ஒரு பெரிய வண்டி வாங்கிவிட்டால்? ஒரே வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு எத்தனை நாளைக்குத்தான் பேசாமல் வருவார்கள் என்பது அவர் கணக்கு. இரண்டு ஆண்களும் அக்காவுக்குப் பயந்து தலையாட்டிவிட்டார்கள்.

அந்த வண்டியை நேரில் பார்த்தபோது நான் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்று வரிசை சீட், கடைசி வரிசைக்கும் ஏசி, ஒரு விரலால் திருப்பினால் திரும்புகிற ஸ்டியரிங். நாங்கள் அதை ஜீப் என்றுதான் சொன்னோம். அப்படிச் சொல்லும்போதெல்லாம் சேல்ஸ்மேன் முகம் சுருங்கியது.

அவர் இன்ஜினைப் பற்றி இங்கிலீஷும் தமிழுமாகப் பொழிந்துகொண்டிருக்க, அக்கா பின்கதவைத் திறந்து உள்ளே ஏறிவிட்டார். சீட் கவர் தையலை விரலால் நெருடிப் பார்த்தார். இடுப்பில் செருகியிருந்த டிரிம்மரை எடுத்து, நீட்டிக்கொண்டிருந்த நூலைக் கத்தரித்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். நான் ஸ்டிக்கரை உரித்துக் கொடுத்தேன். செக்கிங்கில் பீசில் தப்பு இருந்தால் ஒட்டுவோமே, சிவப்பு அம்பு ஸ்டிக்கர், அதுதான். தையல் விட்டுப்போன இடத்தில் ஒன்று, சீட் மூலையில் சுருக்கம் விழுந்த இடத்தில் ஒன்று, கதவு ஓரத்தில் ஒன்று. புத்தம்புது வண்டிக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

சேல்ஸ்மேன் பதறிப்போய், மேடம், இது கார் என்றார்.

"இருக்கட்டுங்க. நாங்க அனுப்புற பனியன்ல இத்தனை இருந்தா ஒரு பீஸ் பாக்கியில்லாம திருப்பி அனுப்பிருவாங்க. நான் ரிஜெக்ட் பண்ணலீங்க, ஆல்டர்தான் சொல்றேன். சரிபண்ணிக் குடுங்க, எடுத்துக்கறோம்."

சரிபண்ணித்தான் கொடுத்தார்கள். வண்டியை அவிநாசி ரோட்டில் ஓட்டிக்கொண்டு திரும்பியபோது எனக்கு இருந்த பெருமையை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வரும். டெம்போ டிரைவர்கள் யாராவது என்னைப் பார்க்கமாட்டார்களா என்று வழியெல்லாம் தேடிக்கொண்டே வந்தேன்.

2. நீங்க உக்காருங்க

அக்காவின் கணக்கு முதல் பயணத்திலேயே தப்பிவிட்டது.

அந்தக் காலத்துத் திருப்பூரில் முதலாளி என்றால் முன்சீட்டில்தான் உட்காருவார். பின்சீட் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், வெளியூரிலிருந்து வரும் பையருக்கும். இது எங்கும் எழுதிவைத்த சட்டமில்லை, ஆனால் யாரும் மீறமாட்டார்கள். இங்கே முதலாளி இரண்டு பேர், முன்சீட் ஒன்று. இதை அக்காவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, நான் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். இரண்டு முதலாளிகளும் ஒரே நேரத்தில் இடது பக்க முன்கதவுக்கு வந்து நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க உக்காருங்க மச்சான்."

"இல்லீங்க மாப்ளே, நீங்க உக்காருங்க."

"பெரியவங்க நீங்க இருக்கறப்ப நான் எப்படீங்க?"

"ஆபீஸ் பாக்கறவங்க நீங்க. நாலு பேரு பாக்கறது உங்களைத்தானுங்க."

எங்கள் ஊர் மரியாதைக்கு ஒரு குணம் உண்டு. அன்பிலும் வரும், கோபத்திலும் வரும், கோபத்தில் வரும்போது இரண்டு மடங்காக வரும். கடைசியில் இரண்டு பேருமே பின்னால் ஏறி நடுவரிசையில் ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்கள். நடுவில் அக்கா. சின்ன முதலாளியின் மனைவியும் பிள்ளைகளும் கடைசி வரிசையில். முன்சீட்டில் தண்ணீர் ஜக் மட்டும் என்னோடு வந்தது.

அன்று முதல் அந்த வண்டி அப்படித்தான் ஓடியது. காதர்பேட்டைக்குள் நுழைந்தால் கடை வாசலில் நிற்பவர்கள் முதலில் வண்டியைப் பார்ப்பார்கள், அப்புறம் முன்சீட்டைப் பார்ப்பார்கள், அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். டீக்கடையில் நின்றால் நூல் ஏஜென்ட் பக்கத்தில் வந்து, என்ன ராசு, பிரிஞ்சுட்டாங்களா என்று காதோடு கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். பேச வைப்பதற்கு வாங்கின வண்டி, பேசவில்லை என்பதை ஊருக்கெல்லாம் விளம்பரம் பண்ணிக்கொண்டு போனது.

அக்கா ஆளே பாதியாகிவிட்டார். ஒருநாள் வண்டியில் தனியாக வரும்போது, நான் கேட்காமலேயே சொன்னார்: "பிரிஞ்சா மறுபடியும் ஆளுக்கொரு வண்டி வாங்கிக்குவாங்க ராசு. எனக்குப் பொறந்த ஊடு ஒண்ணுதானே. அங்க நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போவேன்?"

நான் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

3. மெட்ராஸ் ஐ

கோபியில் ஒரு கல்யாணம். நெருங்கிய சொந்தம் என்பதால் இரண்டு குடும்பமும் போயே ஆக வேண்டும். காலையில் கிளம்பும்போதே என் கண் உறுத்தியது. தூசி என்று கசக்கிக்கொண்டு ஓட்டினேன். பந்தியில் சாப்பிட்டு எழுந்தபோது இரண்டு கண்ணும் சிவந்து, வீங்கி, தண்ணீராகக் கொட்டியது. எதிரே வந்த ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப்போனார். அப்போதே தெரிந்துவிட்டது, மெட்ராஸ் ஐ.

முகூர்த்த நாள். ஆக்டிங் டிரைவர் ஒருத்தரும் கிடைக்கவில்லை. சின்ன முதலாளிக்கு லைசென்ஸ் இருந்தது; பழைய காரை அவரே ஓட்டிப் பழக்கம். பெரிய முதலாளிக்கு மொபெட்டைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது; அவருடைய பழைய காரை ஓட்டிய டிரைவர் கார் விற்றதோடு போய்விட்டார். சாவியைச் சின்னவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு கூலிங் கிளாஸ் வாங்கி மாட்டிக்கொண்டு கடைசி வரிசை மூலையில் ஒண்டினேன்.

என்னைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோருக்கும் பயம். கடைசி வரிசைக்கு யாரும் வரவில்லை. பெண்களும் பிள்ளைகளுமாக நடுவரிசையில் ஒருவர் மடியில் ஒருவராக அடைந்துகொண்டார்கள். பெரிய முதலாளி வந்து கதவைத் திறந்து பார்த்தார். அவர் உட்கார மிச்சமிருந்தது முன்சீட் ஒன்றுதான். தண்ணீர் ஜக்கை எடுத்துக் கீழே வைத்துவிட்டு ஏறினார்.

குன்னத்தூர் வரைக்கும் பெரியவர் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். அதைத் தாண்டி ஒரு குறுகலான பாலம். எதிரே கரும்பு டிராக்டர், இடது பக்கம் வாய்க்கால். சின்னவர் பிரேக் போட்டார். அந்த வண்டிக்கு உயரம் ஜாஸ்தி. புதிதாக ஓட்டுகிறவருக்கு இடது பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியவே தெரியாது. இடது பக்கம் இருப்பவர் சொன்னால்தான் உண்டு. நடுவரிசையில் ஒரு பிள்ளை சொல்வதற்கு வாயைத் திறந்தது. அக்கா அதன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

டிராக்டர்காரன் ஹாரன் அடித்தான். சின்னவருக்கு வேர்த்துவிட்டது.

"மச்சான், அந்தப் பக்கம் எத்தன இருக்குதுங்க?"

பெரியவர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். "ஒரு சாண் இருக்குது. வாங்க... வாங்க... அப்படியே நேரா வாங்க மாப்ளே."

பாலத்தைத் தாண்டிவிட்டோம். அடுத்த வளைவில் சின்னவர் கேட்காமலேயே பெரியவர் சொன்னார். அதற்கடுத்து எதிரே வந்த பஸ்ஸைப் பார்த்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள். பெருமாநல்லூர் வருவதற்குள் சண்டையே ஆரம்பித்துவிட்டது. ஒரு சாண் என்று சொன்னது, இருந்தது நாலு விரல்தான் என்று சின்னவர் சொல்ல, நிறுத்தின இடம் அப்படி என்று பெரியவர் சொல்ல, பேச்சு எப்படியோ அந்த லேட்டான ஆர்டருக்குப் போய்விட்டது. சின்னவர் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினார்.

"நூல் வந்ததே லேட்டு மாப்ளே. நான் என்ன, கையிலயா நெய்ய முடியும்?"

"அத ஆர்டர் லேட்டாப் போன அன்னைக்கே சொல்லியிருந்தா பையர்கிட்ட எடுத்துச் சொல்லியிருப்பேன் மச்சான். சத்தியமா சொல்லியிருப்பேன்."

"எங்க சொல்றது? நீதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டியே."

"நீங்க மொதல்ல திருப்புனீங்க."

பிறகு பெரியவர் வெளியே எட்டிப் பார்த்து, "எடு மாப்ளே, லெஃப்ட் ஃப்ரீதான்" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்கும் தொத்திக்கிச்சாட்ட இருக்குது ராசு" என்றார்.

மறுநாள் முதல் அவர்களே கம்பெனிக்கு வந்தார்கள், அவர்களே டையிங்குக்குப் போனார்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் இடது பக்கம் சொல்ல. நான் கூலிங் கிளாஸோடு கேட் ஓரம் உட்கார்ந்திருந்தேன். கண் சீக்கிரமே சரியாகிவிட்டது. கிளாஸைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு சாவி கேட்கப் போனபோது, அக்கா செக்கிங் டேபிளை விட்டு எழுந்து வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கண்ணாடியப் போட்டுக்க ராசு. இன்னும் கொஞ்ச நாளைக்கு உனக்குக் கண்ணு சரியாகல."

"வேலை போயிருமேங்க அக்கா."

"நான் இருக்கற வரைக்கும் போகாது. போட்டுக்க கண்ணு."

போட்டுக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. டெம்போவிலிருந்து ஏறி வந்தவன், அதற்குள் இறங்கிவிட்டேனே என்று வருத்தமாகவும் இருந்தது. ஆனால் அடுத்த சீசனுக்கான ஆர்டரை இரண்டு பேரும் ஒன்றாகப் போய்ப் பேசி வாங்கிவந்தார்கள். வண்டியைக் காம்பவுண்டுக்குள் கொண்டுவரும்போதே இடது பக்கத்தைப் பற்றிச் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். கம்பெனி பிரியவில்லை. அன்றைக்குத்தான் அக்கா என் முகத்திலிருந்த கண்ணாடியை அவர் கையாலேயே கழற்றினார். சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச் வண்டிகள் எல்லாவற்றுக்கும் என்னைப் பொறுப்பாகப் போட்டார். ரிட்டயர் ஆகும்வரை அந்த வேலைதான் பார்த்தேன்.

வண்டித் தொழிலுக்கு வருகிற தம்பிகள் என்னிடம் கிளட்ச், கியர் என்று நிறையக் கேட்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறேன். கூடவே இதையும் சொல்கிறேன்: வண்டிக்குள் இருப்பவர்களுக்கு நல்லது நடக்கிற மாதிரித் தெரிந்தால், சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்காரு. என் சர்வீஸில் நான் செய்த நல்ல டிரைவிங் என்றால், கோபியிலிருந்து கடைசி வரிசையில் கூலிங் கிளாஸோடு ஒண்டிக்கொண்டு வந்த அந்த ஒரு ட்ரிப்தான்.