இடது கைக்கு இரண்டு பிரேக்

எங்கள் கம்பெனிக்கு வியாழக்கிழமை லீவு. ஓசூரில் அப்போதெல்லாம் எல்லாக் கம்பெனியும் ஞாயிற்றுக்கிழமை மூடாது. கரண்ட்டைப் பங்கு போட்டுக்கொள்வதற்காக ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கிழமை ஒதுக்கியிருந்தார்கள். ஊரே டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நாளில் நானும் என் நண்பனும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தளி ரோட்டில் ஊர் சுற்றக் கிளம்புவோம்.

அவன் டூல்ரூமில் ஃபிட்டர். நான் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். கம்பெனியில் எல்லோரும் அவனைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட ஒரு வயது சின்னவன் என்றாலும் எனக்கும் அவன் பாய்தான், அவனுக்கு நான் மாப்ளே. அவன் வீடு கிருஷ்ணகிரியில், மாங்காய் மண்டிக்காரக் குடும்பம். நான் சாமல்பட்டிப் பக்கம். ஓசூருக்கு இரண்டு பேருமே வந்தேறிகள். அந்தக் குளிரும், பாதி புரிகிற கன்னடமும், ரூமில் பொங்கித் தின்ற சோறும் எங்களைச் சேர்த்து வைத்தன.

பொழுதுபோக்குக்குச் சைக்கிள் ஓட்டுவது என்பது அன்றைக்கு யாருக்கும் விளங்காத சமாச்சாரம். மேட்டில் மூச்சு வாங்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது எதிரில் வருகிறவர்கள் நின்று, "எந்த ஊருக்குப் போறீங்க? யாரு தவறிட்டாங்க?" என்று கரிசனமாகக் கேட்பார்கள். "சும்மாதாங்க" என்று சொன்னால் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். இப்போது இதற்கென்றே கியர் வைத்த, தடித்த டயர் போட்ட சைக்கிளெல்லாம் வந்துவிட்டது. எங்களிடம் இருந்தது பால்காரர் வைத்திருப்பாரே, அந்தக் கறுப்புச் சைக்கிள்தான். அதைக் கொண்டே நாங்கள் மலைப்பாதையில் இறங்குவோம்.

தளி ரோட்டிலிருந்து பிரிந்து ஒரு சின்ன கிராமத்தைத் தாண்டினால் பாறை மேடு ஒன்று வரும். அங்கிருந்து கீழே ஏரி வரைக்கும் ஓர் இறக்கம். ஒற்றையடிப் பாதைதான். ஒரு பக்கம் ராகிக் கொல்லை, இன்னொரு பக்கம் உண்ணிச்செடிப் புதர். நடுவில் மழைத் தண்ணீர் அறுத்த பள்ளமும் உருண்டைக் கல்லும். இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடித்து, விட்டுவிட்டுப் பிடித்து இறங்கினால் ஏரிக்கரையில் போய் நிற்கும்போது உடம்பில் எல்லா எலும்பும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக நான் வேறு எதையும் அந்த வயதில் அனுபவித்ததில்லை. கல்யாணமான பிறகும் வியாழக்கிழமை என்றால் என் மனைவி ஒன்றும் கேட்காமல் ராகி ரொட்டி தட்டிக் கொடுத்துவிடுவாள்.

இப்போது பிரஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடிக்கிற எங்கள் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கிற டை, அதாவது அச்சு, கீழே இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் டைக்குள் போகாது என்கிற நல்ல எண்ணம். ஆனால் எங்களுக்கு டார்கெட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கேன்டீன் வாசலில் உட்கார வேண்டும். அதனால் வலது பட்டனில் ஏதாவது ஒரு துண்டைச் சொருகி அமுக்கி வைத்துவிட்டு, இடது கையால் மட்டும் பிரஸ்ஸை ஓட்டுவோம். வலது கை சும்மா இருக்கும், அடித்த பீஸை எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கலாம். அந்த வரிசையில் இதைச் செய்யாதவன் ஒருத்தனும் கிடையாது.

முதலில் மரச் சிம்பைத்தான் சொருகினோம். அது அடிக்கடி பிளந்து போகும். மட்டமான வேலையைப் பாய்க்குக் கண்ணால் பார்க்கப் பிடிக்காது. ஒருநாள் கழிவுப் பித்தளையில் ஆளுக்கு ஒரு துண்டு அரத்தால் ராவிக் கொண்டுவந்து கொடுத்தான். ஓரமெல்லாம் வழவழவென்று இருந்தது. சாவிக் கொத்தில் மாட்டிக்கொள்ள ஓர் ஓட்டை வேறு போட்டிருந்தான். நாங்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினோம்.

அந்தத் துண்டு சொருகியிருந்தபோதுதான் என் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் போயின. அவசரம் என்னுடையது, தப்பும் என்னுடையது. விசாரணையில், அந்தத் துண்டை நானே செய்துகொண்டேன் என்று சொன்னேன். அவன் பெயரை வாயில் எடுக்கவில்லை. அதுவரைக்கும் யோக்கியன்தான்.

ஆஸ்பத்திரிக்கு அவன் வந்தபோது எனக்கு வலியா, பயமா, என்ன என்று சொல்லத் தெரியவில்லை. யாரையாவது கடித்துக் குதற வேண்டும் போல இருந்தது. "உன் பித்தள நல்லாத்தான் வேல செய்யுது பாய். போ, இன்னொருத்தனுக்கும் ஒண்ணு ராவிக் குடு" என்று சொன்னேன். அவன் கையில் வைத்திருந்த ஆரஞ்சுப் பழங்களைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். என் வாய்க்கு எப்போதுமே பூட்டுக் கிடையாது. ஆனால் அன்றைக்குச் சொன்னதுபோல அதற்கு முன்னாலும் சொன்னதில்லை, பின்னாலும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நான்கு வருஷம். என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அவன் டூல்ரூமிலேயே இருந்தான். கேன்டீனில் பார்த்தால் தலையை ஆட்டுவான், நானும் ஆட்டுவேன். அவன் வந்து பேசட்டும் என்று நான் இருந்தேன். என்ன முகத்தோடு வந்து பேசுவது என்று அவன் இருந்திருக்கிறான். மன்னித்துவிடு என்கிற ஒரு வார்த்தை தினமும் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டு உள்ளேயே போனது. சைக்கிள் வராந்தாவில் நின்றது. வலது பிரேக் பிடிக்க விரல் இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மைதான். அவன் இல்லாமல் அந்த ரோட்டில் போக எனக்கு மனசு வரவில்லை. என் மனைவி அதன் ஹேண்டில்பாரில் ஈரத் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் வேலை விட்டு வந்தால் சைக்கிளைக் காணோம்.

"குடுத்துட்டேன்" என்றாள் அவள், தலை நிமிராமல்.

"யாருக்கு?"

"யாருக்கோ. நாலு வருசமா தொடல, இப்ப என்னாத்துக்கு எகிறிக்கினு வரீங்க?"

பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டேன். மூன்று வாரம் அந்த வீட்டில் நான் செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமில்லை. குழம்பில் உப்பில்லை, சட்டையில் பட்டன் இல்லை, ரேடியோ சத்தம். அவள் எதற்கும் வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

நான்காவது வியாழக்கிழமை காலையில் தெருவில் பெல் சத்தம் கேட்டது. பாய் தன் சைக்கிளை ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, என் சைக்கிளை இன்னொரு கையால் பக்கத்தில் பிடித்து உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். காதோரம் நரைத்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைப் பார்த்துப் பேசினான்.

"ரெண்டு பிரேக்கையும் ஒண்ணாக்கிட்டேன் மாப்ளே. எடது கைல புடிச்சா முன்னாடியும் புடிக்கும், பின்னாடியும் புடிக்கும். வலது கை சும்மா ஹேண்டில புடிச்சிக்கினு இருந்தாப் போதும்."

குனிந்து பார்த்தேன். வலது பக்க லீவரையே கழற்றி எடுத்துவிட்டு, இரண்டு சக்கரத்துக்கும் போகிற கம்பிகளை ஹேண்டில்பாருக்குக் கீழே ஒரு சின்ன இரும்புத் துண்டால் இணைத்திருந்தான். ஓரமெல்லாம் ராவி, எண்ணெய் தடவி, கையில் எங்கேயும் உரசாதபடி வளைத்திருந்தான். அவனுடைய வேலைதான், சொல்லவே வேண்டாம். திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே ரொட்டியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாகத் திட்டியதற்கு எங்கே போய் முட்டிக்கொள்வது?

மத்திகிரி போய்ச் சேருவதற்குள் என் தொடை இரண்டும் எரிந்தன. ஒரு வளைவில் திடீரென்று மாட்டு வண்டி குறுக்கே வந்தது. பழக்க தோஷம், என் வலது கை இல்லாத லீவரை இல்லாத விரல்களால் அமுக்கியது. சைக்கிள் நிற்கவில்லை. வண்டிச் சக்கரத்துக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் இடது கைக்குப் புத்தி வந்தது. இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பிடித்து, நான் பாதி தரையிலும் பாதி சீட்டிலுமாக நின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பாய்தான் வெளிறிப் போயிருந்தான். ரோட்டோரம் உட்கார்ந்து இணைப்பு ஆணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"பிரேக் மேல தப்பில்ல பாய், கை மேலதான்" என்றேன்.

"இருந்தாலும்" என்றான் அவன்.

பாறை மேட்டுக்கு முன்னால் இருக்கிற கிராமத்தில் ஒரு டீக்கடை. நாங்கள் வந்த காலத்தில் அந்தக் கடை இல்லை. கடைக்கார அம்மாள் கன்னடக்காரர். பாயைப் பார்த்ததும் சிரித்து, "ஊட்டா ஆய்தா?" என்று சாப்பாட்டை விசாரித்துவிட்டு, டீயை ஆற்றிக்கொண்டே தமிழுக்கு மாறினார்.

"வெரலு ஆறிப்போச்சாண்ணா? கட்டு அவுத்துட்டீங்க?"

பாய் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டு, "ஆறிடுச்சுக்கா" என்றான்.

"மூணு வாரமா பாக்கறேன்" என்று அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "இந்தக் கையில ரெண்டு வெரலயும் துணி வெச்சி கட்டிக்கினு, அந்தப் பள்ளத்துல சைக்கிள் உட்டாரு. ஒருநாள் உளுந்து முட்டியெல்லாம் ரத்தம். ஆறட்டும் அண்ணா, அப்புறம் ஓட்டுன்னா கேக்கலையே." எந்த விரல்கள் என்று தன் வலது கையை நீட்டிக் காட்டவும் செய்தார். ஆள்காட்டி விரலும் நடு விரலும்.

அவனுக்கு விரலில் அடி ஒன்றும் படவில்லை. எனக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, என் விரல்களை அவன் தன் கையில் கட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்திருக்கிறான். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. டீ சுட்டுவிட்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த அம்மாள் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றட்டுமா என்று கேட்டார்.

பாறை மேட்டில் போய் நின்றோம். கீழே ராகி பச்சையாக நின்றது. ஏரியில் பாதித் தண்ணீர். பாதை முன்பைவிட மோசமாகத்தான் இருந்தது. இடது கையை லீவரில் வைத்தேன். வலது கையின் மூன்று விரலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டன. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அதைவிட வேறொன்று இனிமேலும் பொறுக்க முடியாததாக இருந்தது.

"பாய், ஆஸ்பத்திரில நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன். "அது தப்பு. சொல்லியிருக்கவே கூடாது. உன் மேல எனக்கு அன்னைக்கும் கோவம் இல்ல. மன்னிச்சிடு."

அவன் ஏரியைப் பார்த்தபடியே லுங்கியை மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"அந்தப் பித்தளயச் செஞ்சதும் என் கைதான, மாப்ளே" என்றான். என் சைக்கிள் பிரேக்கைத் தொட்டு, "இதச் செஞ்சதும் என் கைதான். நான் முன்னாடி எறங்கறேன். நீ என் பின்னாலயே வா. பிரேக் புடிக்கலன்னா புதர்ல, கல்லுல போய் வுளாத. என் மேல வந்து மோது" என்றான்.

சொன்ன கையோடு இறங்கிவிட்டான். நானும் இடது கையைத் தளர்த்தினேன். கல் உருண்டது, ஹேண்டில்பார் துள்ளியது. பிடித்தால் இரண்டு சக்கரமும் கேட்டன, விட்டால் இரண்டும் ஓடின. அவன் சட்டை முதுகு எனக்கு முன்னால் இரண்டு முழத்தில் போய்க்கொண்டிருந்தது. தனியாக இறங்கியிருந்தால் பறந்திருப்பான், எனக்குத் தெரியும். அன்றைக்கு என் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பள்ளம் வந்த இடத்தில்கூட பக்கத்தில் ஒதுங்காமல், ஏரிக்கரை வரைக்கும் என் சக்கரத்துக்கு நேர் முன்னாலேயே போனான்.