விசிறிக் காற்று கணினிக்கு

எங்கள் மேசை விசிறி அந்த வருடம் எங்களைப் பார்த்து நிற்கவே இல்லை. கணினியின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு, அதற்கு நேராக விசிறியைத் திருப்பி வைத்திருந்தார் என் அண்ணன் மனைவி, மதினி. பங்குனி வெயில். முத்தையாபுரத்து வீட்டில் நாங்கள் இருவரும் பழைய செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தோம். வேலை முடிந்து வந்த அண்ணன், மனுசனுக்கு இல்லாத காத்து இந்தப் பெட்டிக்கா என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எல்லாம் ஓர் இழுப்புக்காக. பெரிய வெள்ளியன்று எங்கள் கோயிலில் பெண்கள் பாடும் வியாகுலப் பாட்டில், மேலேயிருந்து கீழே வரும் குரல் நேராக இறங்காது. கொஞ்சம் தயங்கி, நடுங்கி, வளைந்து விழும். எங்கள் கடற்கரைப் பெண்கள் அழுவதே அப்படித்தான். தன் கூடப்பிறந்த தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் மதினி அந்த இழுப்பில்தான் அழுது தீர்த்தார். பாடகர் குழுவைப் பழக்க வெளியூரிலிருந்து வந்த மாஸ்டருக்கு அது ஆகவில்லை. கீபோர்டோடு சேரவில்லையாம். இசைத்தாளில் உள்ளதை மட்டும் பாடுங்கள் என்றார். மதினி தாளில் பேனாவால் ஒரு வளைவு வரைந்து கொண்டுபோனார். கிறுக்கலுக்கெல்லாம் பாட முடியாது, அச்சில் இருப்பதுதான் பாட்டு என்று மாஸ்டர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அழுகைக்கு அச்சடித்த சாட்சி கேட்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

மதினி நேரே என்னிடம் வந்தார். எங்கள் கணினியில் இசைத்தாள் எழுதும் மென்பொருள் ஒன்று இருந்தது. அதன் மூல நிரல் திறந்தே கிடக்கிறது, யாரும் திருத்தலாம் என்று எப்போதோ நான் பீற்றிக்கொண்டது அவருக்கு ஞாபகம் இருந்தது. "அப்பொ நம்ம இழுப்ப அதுக்குள்ள போடு தம்பி" என்றார். நான் அதில் ஏற்கெனவே இருந்த நேர்கோடு, நெளிகோடு முதலான குறிகளையெல்லாம் காட்டிச் சமாளிக்கப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் பாடிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

நான் துறைமுகத்துச் சரக்கு அலுவலகம் ஒன்றில் கணினி பார்ப்பவன். நிரல் எழுதுவதில் அரைகுறை. ஒரு குறியைச் சேர்ப்பதைக்கூட எப்படியோ செய்துவிட்டேன். அதன்பின் அந்த மூல நிரல் முழுவதையும் எங்கள் கிழட்டுக் கணினியிலேயே கம்பைல் செய்து, ஓடுகிற மென்பொருளாக்க வேண்டும். அங்கேதான் உயிர் போனது. மணிக்கணக்கில் ஓடிப் பெட்டி கொதிக்கும், அதற்குத்தான் அந்த விசிறி. ஏதோ ஒரு துணை நிரல் இல்லையென்று பாதியில் நிற்கும். தேடிப் போட்டால், கரை சேரும் நேரத்தில் நினைவகம் போதாமல் திரை உறைந்துவிடும். நான் சலித்து எழுந்தபோதெல்லாம் மதினி கருப்பட்டிக் காப்பியைக் கையில் திணித்து உட்கார வைத்தார். ஒருவழியாக ஓடியது. திரையில் குறியைப் பார்த்தவர், "இது படியெறங்குத மாதிரில்லா இருக்கு. எங்க அழுக இப்படியா விழும்?" என்றார். வளைவைத் திருத்தி மறுபடியும் முதலிலிருந்து.

அச்சடித்த தாளை மாஸ்டர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். இப்படி ஒரு குறி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

"புத்தகம் எனக்குத் தெரியாது சார். அச்சுல இருந்தாப் பாடலாம்னு நீங்கதான சொன்னிய. அச்சுல இருக்கு. பாடுதோம்" என்றார் மதினி.

பாடினார்கள். மாஸ்டர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். யாருக்கு வேண்டும் அவர் கீபோர்டு?

மாஸ்டர் ஊரைவிட்டுப் போய்விட்டார். மதினியும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைக் கிடத்தியிருந்த வீட்டில் பெண்கள் பாடியபோதும் குரல் அதே இடத்தில் வளைந்து விழுந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மென்பொருளில் புதுப் பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. எதிலும் மதினியின் குறி இருப்பதில்லை, ஒவ்வொரு முறையும் நானே அதைச் சேர்த்துக் கம்பைல் செய்கிறேன். இருப்பதை வைத்து ஒப்பேற்றக் கூடாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கூடாது. இதோ பெரிய வெள்ளிக்கு முந்திய தவக்காலம் வந்துவிட்டது. இந்த வெக்கையில் விசிறியை எங்கே தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்று மனைவி கத்துகிறாள். கணினியின் பக்க மூடியைக் கழற்றி, அதற்கு நேராக விசிறியைத் திருப்பி வைத்தேன். எத்தனை பதிப்பு வேண்டுமானாலும் வரட்டும், மதினியின் இழுப்பு இல்லாமல் என் வீட்டில் ஒன்றும் ஓடாது.