பச்சை நிறத்தில் ஓர் 'அசல்'

என் தங்கை கணவர் ஒரு ரத்த வங்கியில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். பத்தொன்பது வருடம் நான்கு மாதமாக அதே அறை, அதே நாற்காலி. அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். தங்கை அவரைத் தக்காளி வாங்க அனுப்புவதில்லை. அவளையும் என்னையும் தவிர இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று சேர்ந்த நாளிலிருந்தே அவருக்குப் பயம்.

அங்கே இரண்டு கணினிகள். ஒன்றில் ரத்தம் கொடுப்போர் 41,318 பேரின் அசல் பட்டியல். இன்னொன்றில் ஒத்திகை பார்ப்பதற்கான நகல். இரண்டுக்கும் ஒரே மாதிரி கறுப்புத் திரை. கட்டளை அடிக்கும் இடத்துக்கு முன்னால் கணினியின் பெயரோடு நிற்கும் சிறு வரிக்கு ப்ராம்ப்ட் என்று பெயர். அசலில் அது சிவப்பாகவும் ஒத்திகையில் பச்சையாகவும் இருக்கட்டும் என்று புதிய மேலாளர் உத்தரவு போட்டார். வெளியிலிருந்து எந்த மென்பொருளையும் ஏற்றக் கூடாது என்றும் சொன்னார்.

மாப்பிள்ளைக்கு அதெல்லாம் தேவையும் இல்லை. கட்டளைகளை வாங்கிச் செய்யும் ஷெல் என்ற நிரலில் இருப்பதை வைத்தே, ஒவ்வொரு கணினியிலும் ஒரே ஒரு வரி எழுதினார். அதில் சிவப்புக்கு எண் 31, பச்சைக்கு 32. யாரும் கேட்காமலே, தன் வசதிக்காக, 'அசல்', 'ஒத்திகை' என்ற சொற்களையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் சேர்த்தார். மொத்தம் பதினொரு நிமிட வேலை.

ஆறு நாள் அவர் மட்டுமே அந்தத் திரைகளில் வேலை செய்தார். ஏழாம் நாள், பதிவு எழுதும் பெண் ஒத்திகைப் பட்டியலை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க உட்கார்ந்தார். கட்டளையை அடித்து, என்டரில் விரலை வைத்தவர் அழுத்தாமல் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"சார், கலர் பச்சையா இருக்கு. ஆனா அசல்னு போட்டிருக்கே. எதை நம்புறது?"

இரண்டு எண்களும் இடம் மாறியிருந்தன.

கை தவறிவிட்டது என்று சொல்லியிருந்தால் அதற்குமேல் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் திருத்திய பிறகு நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? நேரே மேலாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

மேலாளர் எழுந்து வந்து இரண்டு திரைகளையும் வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு வருஷமா எதுவும் அழியலையே. எப்பவும் எழுத்தைத்தான் படிச்சீங்களா?"

"ஆமா சார். வேற வழியில்ல."

"அப்ப எல்லாரும் அதையே படிக்கட்டும். கலரை எடுத்துருங்க."

எண்களை நீக்க மூன்று நிமிடம் ஆனது. அன்று மாலை ஐந்து நாற்பதுக்கு எனக்குப் போன் செய்து, "மச்சான், சொல்லிட்டேன்" என்றார். மறுநாள் காலை ஏழேகால் வரை தூங்கினாராம். கல்யாணமான நாளிலிருந்து இதுவே முதல்முறை என்கிறாள் தங்கை.