கறை நீங்கிய கண்ணாடி

என் கணவரின் அண்ணன் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு நடத்தியவர். ஒரு தோலை விரித்ததும் அவர் கண் முதலில் கறையைத் தேடும். கறை இருந்தால் கழிவு, இல்லையென்றால் சரக்கு. உலகம் முழுவதையும் இந்த இரண்டு குவியல்களில் அடக்கிவிட்ட மனிதருக்கு, மூன்றாவது ஒன்றைக் கற்பனை செய்யும் சிரமம் ஒருநாளும் நேர்ந்ததில்லை.

எங்கள் கொல்லையில் என் கணவர் ஒரு தகரக் கொட்டகை போட்டுத் தொலைநோக்கி வைத்திருந்தார். மனை அண்ணனான பெரியவர் பேரில் இருந்தது; தோல் உலர்த்த அந்த இடம் வேண்டும் என்றார்.

"அப்பிடி இன்னாதாம்பா புடிக்கிறே அங்க? ஒண்ணு காட்டு. இல்லேன்னா காலி பண்ணு."

அந்த 'ஒண்ணு' கிடைக்க ஒரு குளிர்காலம் முழுதும் பிடித்தது. வெகு தொலைவில் சுருள் வடிவில் கிடக்கும் நட்சத்திர மண்டலம் அது. வானம் நகர நகரத் தொலைநோக்கிக் குழாயும் நகர வேண்டும். நாங்கள் மாறி மாறித் திருகைத் திருப்பினோம். என் கை விறைத்தால் அவர் தம் கம்பளிக்குள் இழுத்துப் பொதிந்துகொள்வார். படம் பிடிக்கக் குழாயில் பொருத்திய கண்ணாடி பிளேட்டில், ஒளி பட்ட இடம் கருப்பாகவே தெரியும். தெளிந்த கண்ணாடியின் நடுவே, ஓரம் சுழன்ற ஒரு கருந்திட்டு கிடைத்தது. அச்செடுக்குமுன் ஜன்னலோரம் உலர வைத்தோம்.

காலையில் தரகர் ஒருவரோடு வந்த பெரியவர், எங்கள் அடுப்பு வெந்நீரிலேயே துணியை நனைத்துப் பிளேட்டைத் தேய்த்து முடித்திருந்தார். அதன்மேல் படம் பதிந்திருந்த பூச்சு மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையாலானது; வெந்நீரில் கரைந்துவிடும். தோலிலேயே பிழைத்தவருக்கு அது தெரியவில்லை.

"நடுவுல இம்மாம் பெரிய கறைப்பா. தொடைக்கக்கூட உனக்கு நேரமில்லியா? நானே சுத்தம் பண்ணிட்டேன்."

"அந்தக் கறையைத்தாண்ணா எடுத்தோம்," என்றார் என் கணவர், மெதுவாக.

"கறை புடிக்கவா கொட்டாய்? எங்கிட்ட கேட்டா வண்டி வண்டியா குடுத்திருப்பேனே!"

தரகர் விழுந்து விழுந்து சிரித்தார். பெரியவர் கண்ணாடியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "எங்க, ஒண்ணுமே இல்லியே."

தாமே அழித்துவிட்டு, தாமே தேடிப் பார்த்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"அந்த மண்டலம் வானத்துல மறுபடி வர அடுத்த ஐப்பசி ஆகும், மாமா," என்றேன்.

"வரட்டும்மா. எங்க போய்டப் போவுது?"

அந்த வாரமே கொட்டகையில் கொடி கட்டி ஈரத் தோல்களைத் தொங்கவிட்டார்கள். உருளை வைத்து, தள்ளினால் திறக்கும்படி என் கணவர் செய்திருந்த கூரை பெரியவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. காற்றுக்குத் திறக்கலாம், மழைக்கு மூடலாம். "நம்ம தம்பி மூளை யாருக்கு வரும்!" என்று கடைத்தெருவெல்லாம் சொன்னார். அதைக் கேட்டு என் கணவர் உண்மையாகவே மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியை அவரிடம் மன்னிக்க எனக்கு நெடுநாள் ஆயிற்று.