வாப்பா விட்ட காத்து ஓட்டை

மாடிப்படிக்குக் கீழ உள்ள சாமான் அறை ஒரு வருசமா ஈரம் புடிச்சு நாறுது. இண்டைக்குத் தொழ விரிக்க எண்டு அதுக்குள்ள இருந்து எடுத்த முசல்லாவிலயும் அதே பூஞ்சண நாத்தம்.

என்ட மனுசன் வழமை போல சாம்பிராணியப் பத்த வெச்சிட்டு, "உங்கட வாப்பா கட்டித் தந்த வீடு இப்பிடித்தான்" எண்டார்.

எனக்குச் சுள்ளெண்டு வந்திட்டு. ஓட்டோ புடிச்சு கல்முனைக்குப் போய், ஹாட்வெயார் கடையில ஈரத்துக்கு அடிக்கிற பெயின்ட் கேட்டன்.

கடைக்காரக் காக்கா கேட்டார்: "வெளிப்பக்கம் நிலத்தக் கிறவல் மண் போட்டு உசத்தினீங்களா?"

"ஓம் காக்கா. போன மாரி வெள்ளத்துக்குப் பிறகு மனுசன்தான் டிப்பரில கொண்டாந்து கொட்டினவர்."

"அப்ப பெயின்ட் வேணாம் ராத்தா. சுவரடியத் தோண்டிப் பாருங்க."

வந்த கையோட மம்பட்டிய எடுத்தன். "நாளைக்கு ஆள் புடிப்பம்" எண்டார் மனுசன். உள்ளங்கை கொப்பளிச்சிட்டு, ஆனா நான் நிப்பாட்டல்ல.

ஒரு சாண் ஆழத்தில கண்டன், அந்த அறைக்குக் காத்து வர எண்டு வாப்பா விட்ட ரெண்டு ஓட்டை. ரெண்டுக்குள்ளயும் நிறைய, மனுசன் கொட்டின கிறவல். எல்லாத்தையும் தோண்டி எடுத்தன்.

நாத்தம் போக ரெண்டு கிழமை எடுக்கும் எண்டு கடைக் காக்கா முதலே சொல்லிட்டார்.

எங்கட வாப்பாட்ட மாப்புக் கேக்க மனுசனுக்கு எவ்வளவு நாள் எடுக்கும்? சொல்லுங்க பாப்பம்.