காளீஸ்வரி கலந்த விஸ்கி

எங்கள் கரிசல் பக்கத்தில் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க, தாய் தன் மாரில் சிறியாநங்கை இலையை அரைத்துத் தடவுவாள். பிள்ளை வாய் வைக்கும், முகத்தைச் சுளிக்கும், கத்தும். கொஞ்ச நாளில் மறந்துவிடும். காளீஸ்வரி தன் பிள்ளைகளுக்கெல்லாம் அப்படித்தான் மறக்கடித்தாள். புருஷனுக்கும் அதையே செய்து பார்த்தாள்.

கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்குகிறவள் அவள். புருஷன் வெயிலுமுத்து பஞ்சாலைத் தொழிலாளி. எங்கள் சங்கக் கூட்டத்துக்கு முதல் ஆளாக வருவான். கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டுவது அவன்தான். ஆலையை மூடினார்கள். வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். தொண்டை கிழியக் கத்தினோம். ஆலை திறக்கவில்லை. மிஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் அவன் குடிக்க ஆரம்பித்தான். ரெண்டு வருஷம் கழித்து அரசாங்கமே சாராயக் கடை நடத்த வந்தது. ஆலையைத் திறக்க வழியில்லை என்றவர்களுக்கு அதைத் திறக்க வழி இருந்தது.

விஸ்கி பாட்டிலில் பாதியை அந்தியில் குடிப்பான். மீதி, காலையில் கை நடுக்கத்துக்கு. அதை அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பான். ஈரல் வீங்கியிருக்கிறது, இனித் தொட்டால் ஆள் பிழைக்கமாட்டான் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். காளீஸ்வரி அழுதாள். பாட்டிலை உடைத்தாள். அவன் வேறு வாங்கினான். அப்போதுதான் அவளுக்குச் சிறியாநங்கை ஞாபகம் வந்தது.

அரைத்துப் பிழிந்து பாட்டிலில் ஊற்றினாள். காலையில் அவன் ஒரு மடக்கு குடித்துவிட்டுத் துப்பினான்.

"ஏட்டி, கவர்மெண்டு சரக்குலயே கலப்படம் செய்யுதானுவ! கேக்க நாதியில்ல!"

கடைக்காரனோடு சண்டை போட்டு, வேறு பாட்டில் வாங்கி அங்கேயே குடித்தான்.

கசப்பு வாயில் தெரிந்தால் துப்பிவிடுகிறான். உள்ளே இறங்கின பிறகு குமட்டவேண்டும். அதற்கு அவள் யோசித்தாள். கருப்பட்டியைப் பாகு காய்ச்சி ஊற்றினாள். பச்சிலை வாடை தெரியாமலிருக்க நாரத்தங்காயைப் பிழிந்தாள். வயிற்றுவலிக்குத் தான் குடித்துவந்த அரிஷ்டத்தில் ரெண்டு மூடி. கடைசியாகச் சிறியாநங்கைச் சாறு. குலுக்கிப் பழைய இடத்தில் வைத்துவிட்டு அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

குடித்தான். நின்றான். நாக்கைச் சப்புக்கொட்டினான். இன்னொரு மடக்கு குடித்தான்.

"மொதல்ல இனிக்குது. பெறவு புளிக்குது. தொண்டைக்குள்ள போயில்லா கசக்குது. என்னத்தட்டி கலந்த?"

அவள் வாயில் வந்ததைச் சொன்னாள். "மருந்து. ஒங்க ஈரலுக்கு."

அவன் கண் கலங்கிவிட்டது. "ஆல மூடுனதுலருந்து எனக்குன்னு ஒருத்தரும் ஒண்ணும் செய்யலட்டி. நீ செஞ்சிருக்க."

அதோடு தீர்ந்தது. மருந்து என்று நம்பிக் குடித்தான், கூச்சமில்லாமல் குடித்தான். கலந்து கொடுக்காவிட்டால் கடைக்குப் போய் ரோட்டில் விழுந்து கிடந்தான். பஸ்ஸுக்குப் பயந்து அவளே கலந்தாள். கசப்பைக் கூட்டிக்கொண்டே போனாள். "இன்னைக்கித்தான் பக்குவமா இருக்கு" என்றான்.

கடையை ஒட்டி பார் நடத்திய இசக்கியப்பன் தேடிக்கொண்டு வந்தான்.

"மைனி, அண்ணாச்சி ஊரெல்லாம் பெருமையடிச்சுட்டுத் திரியுதாவ. எனக்கும் ஒரு தம்ளர் ஊத்துங்க." குடித்துவிட்டு, "கோட்டுப் போட்டவன் ஓட்டல்ல கலக்குத சரக்கெல்லாம் இதுகிட்ட நிக்காது! நம்ம பாருக்கு வந்துருங்க மைனி. குச்சி அடுக்கி என்னத்தக் கண்டீங்க?" என்றான்.

"ஒம் பாருல மண்ணு விழ."

வெயிலுமுத்து சிரித்தான். "ஏலே, எம் பொண்டாட்டி எனக்கு மட்டுந்தாம்ல கலப்பா."

ஒருநாள் கம்பெனி வாசலில் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "பிள்ளைக மறந்துச்சே அண்ணாச்சி. இவிய மட்டும் ஏன் மறக்க மாட்டேங்காவ?"

பிள்ளை பாலை மறந்தபோது எதிரே சோற்றுக் கிண்ணம் இருந்தது. இவன் எதிரே என்ன இருந்தது? பூட்டின ஆலை. அதை அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அந்த ஆவணியில் கண் மஞ்சளாகி, வயிறு பானையாகி வெயிலுமுத்து செத்தான்.

பதினாறாம் நாள் படையலில் செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பது வழக்கம். கறி, சுருட்டு, சரக்கு. இசக்கியப்பன் பாட்டிலோடு வந்தான்.

"ஒங்க கையால கலந்து வைங்க மைனி. அண்ணாச்சி ஆத்துமா குளிரட்டும்."

வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அம்மி ஓடும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. தம்ளரைக் கொண்டுவந்து இலைக்கு முன்னால் வைத்தாள். சூடம் காட்டினார்கள். கும்பிட்டு முடிந்ததும் ஆம்பளைகள் பங்கு கேட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் மடக்கு இசக்கியப்பனுக்கு. வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பினான்.

"என்ன மைனி இது! கருப்பட்டியக் காணும், நாரத்தங்காயக் காணும். வெறும் வெசமால்லா இருக்கு!"

"ஒனக்கா கலந்தேன்? அவியளுக்குல்லா கலந்தேன்," என்றாள் காளீஸ்வரி. "போன எடத்துலயாவது மறக்கட்டும்."

தம்ளர் இலைக்கு முன்னால் அப்படியே இருந்தது. அதற்கப்புறம் ஒருத்தரும் கை வைக்கவில்லை.